இரவல் தூக்கம்

மதியச் சாப்பாடு முடிந்ததும் கோயமுத்தூரில் கணிகள் தூங்கப் போய்விடும். அந்த நேரத்தில் வங்கி திறக்காது, மின்கட்டணம் கட்ட முடியாது, தெருமுனையில் பச்சை விளக்கு விழாது. ஆளில்லா வண்டிகள் மரநிழல் பார்த்து ஒதுங்கி நிற்கும். வீடுகளில் கணித்திரைகளில் அவற்றின் கனவுகள் மெல்ல ஓடும். காலையில் போட்ட பால் கணக்கு ஒரு வெள்ளைப் பசுவாகி மாடிப்படி ஏறும். பள்ளிக்கூட வருகைப்பதிவு கொக்குக் கூட்டமாகி வாலாங்குளத்தில் இறங்கும். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு நடப்பார்கள். மனிதர்கள் தூங்கியபோது இந்த ஊர் இப்படியொரு மரியாதையைக் காட்டியதில்லை.

தூங்காத கணிக்குப் புத்தி பேதலித்துவிடும் என்பது தாமதமாகத்தான் தெரியவந்தது. பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் அது சமமாகவே வைத்துக்கொள்ளும். வீட்டுக்காரரின் தும்மலும் வீட்டுக்கடன் தவணையும் அதற்கு ஒரே எடை. கொஞ்ச நாள் போனால் தும்மலுக்கு வட்டி கேட்கும். கனவு காண விட்டால், முறத்தில் உமியைப் புடைத்துத் தள்ளுவதுபோல வேண்டாததைத் தள்ளிவிட்டுத் தெளிவாக எழுந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கணிக்குள்ளும் கனவு காண்பதற்கென்றே ஒரு பாகம் வந்தது. அதற்குப் பெயர் சூட்ட அரசு ஒரு கலைச்சொல் குழு அமைத்தது. குழு இரண்டு ஆண்டு கூடிக் கூடிப் போண்டா சாப்பிட்டு, 'பின்னுறக்க நினைவொழுங்கமைப்பி' என்று அறிவித்தது. சனங்கள் அதைத் 'தூங்கி' என்றார்கள்.

குழுவின் தலைவர் முனைவர் அறிவுச்சுடர் குழந்தைவேலு. 'அறிவுச்சுடர்' பட்டத்தை அவருக்கு வழங்கியது அவரே நிறுவிய மன்றம். அன்று காலை அவர் கணிப் பாகங்கள் விற்கும் உதிரி வீதியில் முன்னால் நடந்துகொண்டிருந்தார். பின்னால் அவருடைய மனைவியின் தம்பி வெள்ளிங்கிரியும், அவன் மனைவி கோகிலவாணியும். தண்ணீர் லாரிகள் தாமே ஓடக் கற்றுக்கொண்டதிலிருந்து ஓட்டுநர் வெள்ளிங்கிரி வீட்டில் இருந்தான். கோகிலா திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனம் ஒன்றுக்கு உடுப்பு வரைந்து கொடுப்பவள். நிறுவனம் தன் வரைவுப் பிரிவைத் தூத்துக்குடிக்குக் கொண்டு போகிறது. வீட்டில் சொந்தக் கணி வைத்து, அது நிறுவனத்தின் சோதனையில் தேறினால் அவள் கோயமுத்தூரிலேயே இருக்கலாம். தேறாவிட்டால் தூத்துக்குடி விடுதி, எப்போதாவது விடுமுறைக்கு ஊர். 

இதைப் பற்றி வெள்ளிங்கிரி ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டு எடுத்த பணத்தை அப்படியே அவள் கையில் வைத்தான். அவன் பேச்சு எப்போதும் அவ்வளவுதான்.

"அடிப்படையில பார்த்தீங்கன்னா," என்று ஆரம்பித்தார் குழந்தைவேலு. அடிப்படையை விட்டு அவர் மேலே வந்து யாரும் பார்த்ததில்லை. "கணிக்கு உயிர் சிந்திதான். யோசிக்கிற பாகத்துல சிக்கனம் பார்க்கக் கூடாது. எங்க வீட்டுல இருக்கறது பதினாறு அடுக்கு."

"பதினாறு அடுக்குல என்னங்கண்ணா பண்றீங்க?" என்றாள் கோகிலா.

"என்னோட சொற்பொழிவெல்லாம் அதுலதான் இருக்குது."

"அதுக்கு எதுக்குங்க சிந்தி?" என்றாள், அவர்கள் ஏறிய கடையின் சொந்தக்காரி மயிலாத்தாள்.

மயிலாத்தாள் யாரையும் வெறும் கையோடு அனுப்பாதவள். வந்தவர்கள் வாய் திறக்குமுன் வானவில் வெளிச்சத்தோடு சுழலும் மூன்று விசிறிகளை மேசைமேல் வைத்தாள். குழந்தைவேலுவின் முகத்தில் அந்த வெளிச்சம் ஊதாவாகவும் பச்சையாகவும் விழுந்தது. அவருக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

"விசிறி காத்து குடுத்தாப் போதுமுங்க. சாமி ஊர்வலமா நடத்தப் போறோம்?" என்று கோகிலா அவற்றைத் தள்ளி வைத்தாள். "சிந்தி நாலடுக்கு. ஞாபகத் தட்டு பெருசா வேணும், துணி மடிப்பெல்லாம் அதுலதான் நிக்கும். பெட்டி பழசு இருந்தாக் குடுங்க. மின்னூட்டி மட்டும் புதுசு."

"மின்னூட்டிலயும் பழசு இருக்குதுங்க அம்முணி, பாதி விலை."

"அதுல மிச்சம் புடிச்சா மத்ததெல்லாம் கருகிப் போயிரும். வேண்டாங்க."

மயிலாத்தாள் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பாகங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. கடைசியில் தூங்கிக்கு வந்தபோது கையில் மிச்சமிருந்த பணம் விசிறிக்கே பற்றாததாக இருந்தது. தூங்கி ஒன்றின் விலைக்கு மற்ற எல்லாப் பாகங்களையும் இன்னொரு தடவை வாங்கலாம்.

"கைமாறுனது ஒண்ணு இருக்குதுங்க," என்று மயிலாத்தாள் அடிப்பெட்டியிலிருந்து எடுத்தாள். "மூடிப்போன நிதிக் கம்பெனியோடது. நல்லாத்தான் தூங்கும். கனவுல மட்டும் அப்பப்ப போலீஸ் வரும்."

கோகிலா வேண்டாமென்று தலையை ஆட்டினாள். மயிலாத்தாள் கொஞ்சம் யோசித்து, கடைக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க வீட்டுல நல்லாத் தூங்கறவங்க யாராச்சும் இருக்கறாங்களா?"

கோகிலா திரும்பிப் பார்த்தாள். வெள்ளிங்கிரி கடைச் சுவரில் சாய்ந்து நின்றவாக்கிலேயே கண்ணை மூடியிருந்தான்.

விஷயம் இதுதான். தூங்கி இல்லாமலும் கணி கட்டலாம். நெற்றியில் கட்டும் பட்டை ஒன்று, அதிலிருந்து கணிக்கு ஒரு மெல்லிய கயிறு. கட்டிக்கொண்டு படுப்பவரின் கனவில் கணி தன் உமியைப் புடைத்துக்கொள்ளும். அது தூங்க வேண்டிய தூக்கத்தை இவர் தூங்குவார். இரவல் தூக்கம்.

"மனித மூளைன்னா அதுக்கொரு தரம் வேண்டாமா?" என்றார் குழந்தைவேலு. "நான் படுக்கறேன். என்ர மூளை என்ன பண்ணும்னு இவங்களுக்கும் தெரியட்டும்."

மயிலாத்தாள் பாகங்களைக் கோத்துக் கணியை எழுப்பினாள். கடைக்குப் பின்னால் ஒரு கயிற்றுக்கட்டில் இருந்தது. அவர் பட்டையைப் பரிவட்டம்போலக் கட்டிக்கொண்டு படுத்தார். சீக்கிரமே குறட்டை வந்தது. திரையில் ஒரு பெரிய அரங்கம் தெரிந்தது. மேடையில் குழந்தைவேலு பேசிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் குழந்தைவேலு கைதட்டினார். பின்வரிசைகளிலும் அவரே. வாசலில் சால்வையோடு காத்திருந்தவரும் அவர்தான். கணி தன் உமியைக் கொண்டுபோய் இறக்கி வைக்க ஓரமாக ஓர் இடம் கேட்டது. கிடைக்கவில்லை. மூன்று தடவை முனகிவிட்டு அணைந்துபோயிற்று.

"ஹவுஸ்ஃபுல்லுங்க," என்றாள் மயிலாத்தாள்.

பிறகு வெள்ளிங்கிரி படுத்தான். அவனைத் தூங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரையில் மேகங்களுக்கு மேலே ஒரு தண்ணீர் லாரி போயிற்று. சக்கரத்தடியில் பஞ்சு நசுங்கி மெத்து மெத்தென்று சத்தம் வந்தது. லாரி நின்ற இடமெல்லாம் குடத்தோடு ஆட்கள் நின்றார்கள். குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் நீலத்துணி வழிந்தது. சோதனைக்காகக் கணிக்குள் போட்டிருந்த உடுப்பு அளவுகளும், கடைக்கணக்கும், வீதி இரைச்சலும் குடம் தூக்கி வரிசையில் வந்து நின்றன. அவன் யாரையும் நீ யாரென்று கேட்கவில்லை. எல்லோருக்கும் குடம் நிறையப் பிடித்துவிட்டான். எதிர்க்கடைக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். மயிலாத்தாள்கூட விலை பேசுவதை மறந்து நின்றாள்.

கணி சோதனையில் தேறியது. கோகிலா ஊரிலேயே இருந்தாள்.

மதியத்தில் ஊர் முழுக்கக் கணிகள் கண்ணயரும்போது அவர்கள் வீட்டுக் கணி மட்டும் விழித்திருந்தது. நிறுவனம் அதைக் கவனித்தது. வேலை கூடியது. வேலை கூடினால் தூக்கமும் கூட வேண்டும். கோகிலா ஒன்றைக் கண்டுபிடித்தாள். வெள்ளிங்கிரிக்கு ரசம் சாதம் போட்டால் கணி நடக்கும். அரிசிம்பருப்புச் சோறு செய்து நெய்யை ஒரு கரண்டி தாராளமாக விட்டால் ஓடும். அவசர வேலை வந்த நாட்களில் மேலே கெட்டித்தயிரும் ஊற்றினாள். கணியின் வேகத்தைக் கூட்ட உலகம் எத்தனையோ வழி பார்த்திருக்கிறது, நெய் இதுவே முதல் தடவை.

வெள்ளிங்கிரிக்கும் இதில் குறையில்லை. தூங்குமூஞ்சி என்று பள்ளிக்கூடத்திலிருந்து பேர் வாங்கியவன் இப்போது வீட்டுக்குச் சம்பாதிக்கிற பாகம். நாலு மணிக் காபிக்கு எழுந்து வருவான். நெற்றியில் பட்டை அழுத்திய தடம் திருநீறுபோல இருக்கும்.

"உன்ர வேலையெல்லாம் அங்க வருது," என்பான். "நேத்து ஒரு காலர் லாரியில ஏறிக்கிச்சு."

"எறக்கி விட்டீங்களா?"

"பாவம். சிறுவாணி வரைக்கும் வர்றேன்னுச்சு. கூட்டிட்டுப் போனேன்."

அந்தக் காபி நேரம் மட்டும்தான் இருவரும் ஒன்றாக விழித்திருந்தார்கள். பிறகு காலைத் தூக்கமும் சேர்ந்தது. அவன் பேச்சு குறைந்தது, கண்ணில் எப்போதும் மேகம். ஒருநாள் அவள் காபியைக் கொண்டுவந்து வைத்தபோது அவன் எழுந்து நின்று வாங்கிக்கொண்டான்.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்," என்றான்.

கோகிலா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. விருந்தாளியிடம் காட்டும் பணிவோடு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, மறுபடியும் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தான்.

மறுநாள் மதியம் அவள் வரைந்துகொண்டிருக்கும்போது கணி பேசியது.

"அம்முணி, சொன்னாத் தப்பா நினைக்கக் கூடாது. நம்ம கணியில ஒரு பாகம் அதிகப்படியா இருக்குதுங்க."

அவள் வரைவதை நிறுத்தினாள். "காபிக்கு எந்திரிக்கறாரே, அதைச் சொல்றியா? அதை நிறுத்தச் சொல்லாத."

"அவரு இல்லீங்க. நீங்க."

அது பணிவாகவே எடுத்துச் சொன்னது. வெள்ளிங்கிரியின் கனவிலிருந்து உடுப்புகள் முழுசாகவே வெளியே வருகின்றன. கோகிலா காலையில் அவற்றை மாற்றுகிறாள், சாயங்காலம் பழையபடி ஆக்கிவிடுகிறாள். சில வாரமாக அவள் தொட்டதை விட்டுவிட்டு, தொடாததைத்தான் அது அனுப்பிக்கொண்டிருக்கிறது. நிறுவனம் பாராட்டி எழுதியதெல்லாம் அவற்றைத்தான்.

கோகிலா கையிலிருந்த எழுதுகோலைப் பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப என்னைத் தூத்துக்குடிக்கு வரச் சொல்லிருவாங்களா?" என்றாள்.

"அவங்களுக்கு எதுக்குங்க சொல்றது? உங்க பேர்லதான் போகுது. சம்பளம் வருது. நீங்க எங்கயும் போக வேண்டாம்."

"அவரு ஏன் என்னைத் தெரியாத மாதிரி பேசறாரு?"

கணி யோசிப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"அவரு கனவுல தினமும் நீங்க வருவீங்க. லாரிக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்திருப்பீங்க. துணிக்கு ஆகாதுன்னு நான் புடைச்சுத் தள்ளிர்றேனுங்க. உமி அது. தள்ளுனது தலைக்குள்ள திரும்பப் போகாது."

வெயில் சன்னல் கம்பிகளைத் தரையில் நீட்டிப் போட்டிருந்தது. வெள்ளிங்கிரி வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டு காலியாக இருக்கிற லாரி எதுவரைக்கும் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கயிற்றை அறுத்துவிடலாம். அறுத்தால் நாளைக்கே கணிக்குப் புத்தி பேதலிக்கும், அடுத்த வாரம் அவள் தூத்துக்குடி பேருந்தில் இருப்பாள். தன்னை யாரென்று தெரியாத ஒருவன் வாசலில் நின்று, பார்த்துப் போயிட்டு வாங்க என்பான்.

"இன்னொரு பட்டை இருக்குதுங்க," என்றது கணி. "ஆளே உள்ள வந்து உக்காந்துட்டா நான் தள்ள முடியாது. நீங்களும் தூங்கி ரொம்ப நாளாச்சு."

அது பொய் சொல்லவில்லை. கணிகளுக்குப் பொய் வராது, பாகங்களைத் தேர்ந்தெடுக்கத்தான் வரும்.

"நாலு மணிக்கு எழுப்பி விட்டுரு," என்று சொல்லிவிட்டு அவள் பட்டையைக் கட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் படுத்தாள். கணி அந்த வாக்கியத்தை வாங்கி வைத்துக்கொண்டது. துணிக்கு ஆகுமா என்று பார்த்தது. ஆகவில்லை, தள்ளிவிட்டது.

பஞ்சுப் பாதையில் லாரி வந்து நின்றது. உள்ளேயிருந்து குனிந்து பார்த்தவன், "எங்க போகோணுமுங்க?" என்றான்.

"உங்ககூடத்தான்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவன் லாரியை எடுத்தான். இடதுபுறம் கொக்குகள் மடித்த வேட்டிகளாகிப் பறந்தன. அப்புறம் ஒரு திருப்பத்தில், கியரை மாற்றும்போது, "கோகிலா," என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் குழந்தைவேலு வந்து வாசல் மணியை அடித்தார். மனித மூளையைக் கணியோடு இணைக்கும் எண்ணம் தனக்குத்தான் முதலில் தோன்றியது என்று மன்றத்தில் பேசவிருந்தார். அதற்கு முன்னால் வெள்ளிங்கிரி படுக்கும் கட்டிலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தார். மணிச்சத்தம் வீட்டுக்குள் போகாமல் கணி பிடித்து வைத்துக்கொண்டது. அதற்கு வாசலிலும் ஒரு வாய் உண்டு.

"வாங்க அறிவுச்சுடர் ஐயா. ரெண்டு பேரும் கொஞ்சம் அசந்திருக்கறாங்க."

"எழுப்பு. முக்கியமான விஷயம்."

"எழுப்பறேனுங்க. அதுக்குள்ள ஒரு சந்தேகம். 'பின்னுறக்க நினைவொழுங்கமைப்பி'யில அந்தப் 'பின்' எதுக்குங்க? இதுவரைக்கும் யாருமே சரியா விளக்கலை."

குழந்தைவேலு வாசல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கேட்கிற காது கிடைத்து எத்தனை நாள் ஆயிற்று என்பது அவருக்கே தெரியாது.

மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தபோது கோகிலா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "வெளியில யாரோ பேசற மாதிரி இருக்குதுங்க."

வெள்ளிங்கிரி வண்டியை ஓரங்கட்டிக் காது கொடுத்தான். "மச்சானாட்டம் இருக்குது."

"எந்திரிச்சுப் போயி வாங்கன்னு சொல்லோணுமே."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான். "பேசி முடிச்சுக்கட்டும். அப்புறம் எந்திரிச்சுக்கலாம்."

வாசலில் கணி இரண்டாவது கேள்வியைக் கேட்டது.