மொட்டுக்கொடி

கல்யாண அழைப்பிதழ் வரையும் அந்த ஸ்டூடியோ மாடியில் இருந்தது. கீழே அச்சு மெஷின் ஓடும் கூடம். அதன் பக்கவாட்டில், எதிரே ஒருவர் இறங்கி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய குறுகலான மரப்படி. சுழி முதல்நாள் ஏறிப் போனது நல்ல வெயில் காலையில்தான். ஆனாலும் மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பசையும் புதுக் காகிதமும் சூடான தங்கத்தாளும் கலந்த வாசனை அவளுக்குப் பழகியதுதான். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. தலைவலித் தைலம். யாரோ நெற்றியில் அழுத்தித் தேய்த்துக்கொண்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

“தலைவலியாக்கா?” என்று கேட்டாள்.

ஸ்டூடியோ முதலாளியம்மாளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். “எனக்கு என்ன தலைவலி? வா, இடத்தைக் காட்டுறேன்.”

ஜன்னலோரத்து மேசை காலியாகத்தான் இருந்தது. பெரியக்கா அதைத் தாண்டி, பக்கத்துக் கட்டடத்தின் சுவர் மறைத்த இருட்டு மூலைக்குக் கூட்டிப் போனாள். மை ஊறிக் கறுத்த பழைய மரமேசை ஒன்று அங்கே இருந்தது.

“அங்க வெளிச்சம் நல்லா இருக்கேக்கா.”

“வெளிச்சத்துல உட்கார்ந்தா தெருவை வேடிக்கை பார்க்கத்தான் தோணும். இங்க உட்காரு. கை தானா ஓடும்.”

சுழிக்கு வாதாடும் தெம்பு இல்லை. சுழி என்பது, எழுத்துக்கெல்லாம் வால் வைத்து வளைத்துவிடுவாள் என்று பழைய வேலையிடத்தில் வைத்த பட்டப்பெயர். அந்த வேலையிடத்தில் இப்போது அவளுக்கு இடமில்லை. தன் கல்யாணத்துக்கு அவளே வரைந்த அழைப்பிதழைப் பார்த்து வாய்பிளக்காத ஆளில்லை. மிச்சமிருந்த கார்டுகள் பரணில் பழுப்பேறும் முன்பே கல்யாணம் முறிந்துவிட்டது. அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டால் கட்டையைத் தொட்டது போலத்தான் இருந்தது. பழைய டிசைன்களையே திருப்பிப் போட்டு ஒப்பேற்றினாள். கொஞ்ச நாளில் முதலாளி தன்மையாகப் பேசி வெளியே அனுப்பிவிட்டார்.

இங்கே வந்த புதிதிலும் அதே கதைதான். காலை முழுக்க வாடிக்கையாளர்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தன் பெயர் கொட்டை எழுத்தில் வரவேண்டும். பெண்ணின் அத்தைக்கு, அந்த அம்மாள் பெயரைவிடத் தன் பெயர் ஒரு நூலாவது பெரிதாக இருக்கவேண்டும். இருவரும் மல்லுக்கு நிற்க, கல்யாணப் பெண் ஒரு மூலையில் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் போனதும் சுழி வெள்ளைத் தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மதியம்தான் அது வந்தது.

கை நகர்ந்தது. மெல்லிய ஒரு கொடி தாளின் ஓரத்தில் முளைத்து, வளைந்து, தன்னையே சுற்றிக்கொண்டு மேலே ஏறியது. கொடி நெடுக மொட்டுகள். இதழ் இறுக மூடிய சின்னச் சின்ன மொட்டுகள். ஒன்றுகூட விரியவில்லை. முடித்து நிமிர்ந்தபோதுதான், இவ்வளவு நேரமும் தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவளுக்கே தெரிந்தது.

பின்னால் பெரியக்கா நின்றிருந்தாள். அவள் கார்டைப் பார்க்கவில்லை. சுழியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துடுச்சு,” என்றாள் தனக்குள்.

அந்தக் கொடி பிய்த்துக்கொண்டு போயிற்று. பெண்வீட்டார் கண்கலங்கினார்கள். “எப்படிம்மா இப்படித் தோணுது?” என்று கேட்காதவர்கள் இல்லை. சுழி சிரித்து வைப்பாள். வீட்டில் அம்மா, “மறுபடியும் முகத்துல களை வந்திருக்குடி,” என்றாள். கையாலாகாதவள் என்று புருஷன் வீட்டில் வாங்கிய பேச்செல்லாம் அந்தப் பாராட்டுகளுக்கு அடியில் போய் அமுங்கின. அந்த மயக்கத்தில் சில விஷயங்களை அவள் கண்டும் காணாமல் விட்டாள்.

பேனாவை மைக்கூட்டில் தோய்த்ததும் விளிம்பில் தட்டுவது அவள் வழக்கமில்லை. இப்போது கை தட்டியது. டிக், டிக். சில சமயம் அவள் பேனாவையே எடுக்காதபோதும் அந்தச் சத்தம் கேட்டது.

வரைய வரைய, வலது தோளில் ஒரு பாரம் வந்து உட்கார்ந்தது. யாரோ பின்னாலிருந்து குனிந்து தாளைப் பார்ப்பதுபோல. காதோரத்தில் தைலத்தின் குளிர்ச்சி.

ஒருநாள் மாதிரிக் கார்டை எடுத்துக்கொண்டு கீழே மெஷின்காரரிடம் போனாள். தலை நரைத்த மனிதர். மெஷின் போடும் சத்தத்தைவிடக் குறைவாகப் பேசுகிறவர். கார்டை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பார்த்தார். வீங்கியிருந்தது.

“ஆரம்பிச்சுடுச்சா?” என்றார்.

“என்னண்ணே?”

அவர் மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அது பெரியக்கா தங்கச்சி மேசைம்மா. இந்தக் கொடி அந்தப் பொண்ணு போட்டது. முன்னாடி வந்தவங்களும் இதையேதான் போட்டாங்க. ஒருத்திக்குக் கையே விளங்காம போச்சு.”

“அந்தத் தங்கச்சி எங்க இருக்காங்க?”

“சீசன் நேரம். காய்ச்சல் அனலா கொதிக்குது. தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டுத் தேய்ச்சுக்கிட்டுப் போட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்த மேசையிலேயே தலையைச் சாய்ச்சது. தூங்குதுன்னு நினைச்சோம்.” அவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ வேற வேலை பார்த்துக்கம்மா.”

சுழி கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அன்றே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. போனால் மறுபடியும் அந்த மரத்துப்போன விரல்கள், அந்த வெள்ளைத் தாள். பேய் கொடுத்த வரம் என்றாலும் பாராட்டு அவளுக்குத்தானே கிடைத்தது. மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு அதே மேசையில் போய் உட்கார்ந்தாள்.

மழை மூட்டமான ஒரு மதியம், மகளுடைய கல்யாணத்துக்கு அழைப்பிதழ் பார்க்க ஒருவர் வந்தார். ஐம்பதைத் தொட்ட வயது. சட்டை நனைந்திருந்தது. பெரியக்கா வெளியே போயிருந்தாள். மாதிரிகளைப் புரட்டிக்கொண்டே வந்தவரின் விரல் மொட்டுக்கொடியில் நின்றுவிட்டது.

“இது... யார் போட்டது?”

“நான்தாங்க.” அந்தப் பொய் இப்போதெல்லாம் அவளுக்குத் தடங்கலில்லாமல் வந்தது.

“ஓ,” என்றார். பிறகு எதிரே உட்கார்ந்து, மகள் பெயரைச் சொன்னார்.

சுழி எழுதத் தொடங்கினாள்.

அவர் சொன்ன பெயரை அவள் கை எழுதவில்லை.

டிக், டிக். மைக்கூட்டின் விளிம்பில் பேனா தட்டியது. தோளில் அந்தப் பாரம் இறங்கியது. இதுவரை இல்லாத கனம். மேசை விளக்கு மங்கிச் சிவந்தது. தைல வாசனை தொண்டைக்குள் இறங்கிக் கண்ணில் நீர் வரவழைத்தது.

அவள் கையை இழுத்தாள். வரவில்லை.

மணமகள் என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பெண் பெயர். மணமகன் என்ற சொல்லுக்குக் கீழே ஓர் ஆண் பெயர். இரண்டையும் சுழி தன் வாழ்நாளில் கேட்டதில்லை.

“என்னம்மா எழுதுறீங்க?” அவர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். முகம் வெளுத்துவிட்டது. “இது என் பேரு. நான் இன்னும் சொல்லவே இல்லையே. இந்தப் பொண்ணு பேரு... இது அவ கையெழுத்து.”

படியில் காலடி. பெரியக்கா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தாள். வந்தவரைப் பார்த்ததும் குடை கையிலிருந்து நழுவியது.

“நீங்களா?” என்றாள்.

“நானேதான். என்ன இதெல்லாம்? அவ இங்க இருக்காளா?”

“அவ போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆச்சு. கிளம்புங்க.”

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். குரல் உடைந்திருந்தது. “யாரும் சொல்லவே இல்லையே எனக்கு. அன்னைக்கு நான் பொண்ணு கேட்டு வந்தப்ப, அவளுக்கு என்னைப் பிடிக்கலன்னு சொன்னீங்க. இந்த வாசல்லயே நின்னு சொன்னீங்க. அவ வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன்னு கெஞ்சினேனே.”

சுழியின் கையில் பேனா நின்றது.

“அவகிட்ட என்ன சொன்னீங்க?” என்று அவர் கேட்டார்.

பெரியக்கா குனிந்து குடையை எடுத்தாள்.

“சொல்லுங்க. நான் வந்தேன்னாவது சொன்னீங்களா?”

பெரியக்கா வெடித்தாள். “சொல்லல! நீங்க வேற இடத்துல நிச்சயம் பண்ணிக்கிட்டீங்கன்னு சொன்னேன். என்ன பண்ணச் சொல்றீங்க? எனக்கு ஒரு கோடு நேரா போட வராது. அவ கை போயிட்டா இந்த இடம் என்ன ஆகும்? ஊர்ல இருக்கற கல்யாணத்துக்கெல்லாம் வரைஞ்சா. அவளுக்கு என்ன குறை வெச்சேன் நான்? சோறு போடலையா, துணி எடுத்துக் கொடுக்கலையா?”

சொல்லி முடித்தபிறகுதான், யார் காதில் விழும்படி அதைச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

கண்கள் மெல்ல அந்த மேசைக்கு வந்தன.

சுழியின் தோளிலிருந்து பாரம் எழுந்தது.

அது எழுந்ததை உடம்பே உணர்ந்தது. முதுகில் சாய்ந்திருந்த ஆள் நிமிர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. குளிர்ச்சி அவள் கன்னத்தை உரசிக்கொண்டு கடந்தது. வந்தவரின் அருகே ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. அவருடைய ஈரச் சட்டையின் கைப்பகுதியில், துணி ஓரிடத்தில் மட்டும் அமுங்கி, மறுபடி எழுந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குழந்தைபோல அழத் தொடங்கினார்.

பிறகு தைல வாசனை பெரியக்கா நின்ற பக்கம் நகர்ந்தது.

“வேண்டாம்,” என்றாள் பெரியக்கா, கிசுகிசுப்பாக. “வேண்டாம்டி.”

அவள் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். சுவர்வரை போனாள். அதற்கு மேல் போக வழியில்லை.

சுழி அன்றோடு வேலையை விட்டாள். வீட்டில் மேசையைப் போட்டு உட்கார்ந்து வரைந்து பார்த்தாள். கை வலிக்கவில்லை, வீங்கவில்லை. அவள் சொன்னபடி கேட்டது. ஆனால் அவளுக்குத் தெரிந்ததைத் தாண்டி ஒரு கோடுகூடப் போடவில்லை. வளைவுகள் எல்லாம் பழைய வளைவுகள். தன் கை திரும்பக் கிடைத்துவிட்டது, அது சாதாரணக் கை என்பதை அவள் விழுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் இடத்தில் சேர்ந்தாள். அங்கே யாரும் கண்கலங்குவதில்லை.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியபோது மெஷின்காரர் ஃபோன் செய்தார். “பெரியக்காவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்மா. உன்னைப் பார்க்கணும்ங்குது.”

போகவேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் போனாள்.

வார்டின் கடைசிக் கட்டில். பெரியக்கா பாதியாகியிருந்தாள். கண்கள் குழிக்குள் போயிருந்தன. வலது கை மட்டும் போர்வைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. விரல் நுனியில் தோல் உரிந்து கட்டுப்போட்டிருந்தார்கள். கட்டின் வெள்ளைத்துணி ஏற்கெனவே தேய்ந்து, நூல் பிரிந்திருந்தது. பேனா இல்லை, மை இல்லை. ஆனாலும் அந்த விரல் கொடிபோல வளைந்து வளைந்து போயிற்று. ஒரு கோடு நேராகப் போட வராது என்று சொன்னவளின் விரல்.

“தூக்கத்துலயும் நிக்கமாட்டேங்குது,” என்றாள் பெரியக்கா. உதடு வெடித்திருந்தது. “ஊசி போட்டாங்க. கட்டிக்கூட வெச்சாங்க. கயிறு அறுந்து போச்சு.”

சுழி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

“நீ சொல்லேன் அவகிட்ட. நீ சொன்னா கேட்பா. உன்மேல அவளுக்குக் கோவம் இல்ல.”

“நீங்களே மன்னிப்புக் கேளுங்கக்கா.”

“கேட்டேன். கதறிக் கேட்டேன்.” பெரியக்காவின் கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் வழிந்தது. அதை அவள் துடைக்கவில்லை. “‘இந்த ஒண்ணை மட்டும் முடிச்சுக் குடுத்துடுக்கா, அப்புறம் படுத்துக்கலாம்’ங்குறா. காய்ச்சலோட உட்கார்ந்திருந்தப்ப நான் அவகிட்டச் சொன்னதை அப்படியே சொல்றா. குரல்கூட அப்படியே கனிவா இருக்கு.”

சுழி எழுந்தாள். அவளுக்கு இரக்கமும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது. போர்வையை இழுத்துவிட்டு, “வரேன்க்கா,” என்று சொல்லி நடந்தாள்.

கதவருகே நர்ஸ் மருந்துத் தட்டோடு எதிரே வந்தாள். சலிப்பு முகம்.

“அந்தக் கட்டிலுக்கு நீங்கதானே வந்தீங்க? கூட ஒருத்தர்தான் இருக்கலாம்னு எத்தனை தடவை சொல்றது. அந்தப் பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க.”

“எந்தப் பொண்ணு?”

“அதான், பேஷன்ட் கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கே. சேர்த்த நாள்லேருந்து விடவே மாட்டேங்குது.”

சுழி திரும்பிப் பார்த்தாள்.

கட்டிலோரத்து ஸ்டூல் காலியாக இருந்தது.

போர்வைமேல் பெரியக்காவின் கை வரைந்துகொண்டே இருந்தது. அதன் மணிக்கட்டைச் சுற்றி, இறுக்கிப் பிடித்த விரல்களுக்கு அடியில் தோல் வெளுக்குமே, அப்படி, மெல்லிய ஐந்து தடங்கள் வெளுத்திருந்தன.