வெள்ளையடித்த கற்கள்

நிலத்தகராறு என்ற நோயைப் பூமியிலேயே விட்டுவிட்டு வந்த முதல் மனிதக் கூட்டம் நாம்தான் என்று செவ்வாய்க் குடியிருப்பின் கலெக்டர் இளம்வழுதி காலை ஒலிபரப்பில் அறிவித்தார். மக்கள் மூச்சு உருளைகளை மாற்றிக்கொண்டு, பாசிக் களியைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டு, கேட்டார்கள். இங்கே வேலி கிடையாது, பட்டா கிடையாது, பங்காளி கிடையாது என்றார். கைதட்டலை ஒலிபரப்பு இயந்திரம் தானே சேர்த்துக்கொண்டது.

அதே நேரம் புதிய காற்றுக்கூடாரத்துக்குள் ராணுவ வீரர்கள் கற்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

காற்றுக்கூடாரம் என்பது கால்பந்து மைதானம் அளவுக்கு ஊதி நிறுத்திய கண்ணாடித் தோல். உள்ளே இருக்கும் மண்ணை நஞ்சு உப்புப் போகக் கழுவவே மூன்று வருடம் ஆயிற்று. செவ்வாயில் செடி வளரக்கூடிய ஒரே தரை அதுதான். வேளாண் பொறுப்பாளர் ஜரீனாவிடம் தட்டுத் தட்டாகத் தக்காளி, கத்தரி நாற்றுகள் இருந்தன. வேர்கள் தட்டை முட்டிவிட்டன. இந்த வாரம் தரைக்குப் போகாவிட்டால் செத்துவிடும். அடுத்த விதைக் கப்பல் வர இரண்டு வருடம். அதுவரை பாசிக் களிதான்.

நடவு ரோபோ தட்டுகளோடு போய் முதல் வெள்ளைக் கல்லருகே நின்றுவிட்டது. பூமியில் அதற்கு நடை பழக்கியது, இருபுறமும் வெள்ளைக் கல் பதித்த ஒரு ராணுவக் குடியிருப்பின் தெருக்களில். வெள்ளையடித்த கல்லைத் தாண்டக் கூடாது என்பது அதன் மூளையில் அப்படியே உறைந்திருந்தது.

கலெக்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். படைத்தலைவர் கர்னல் ஆரோக்கியராஜ் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"என்ன கர்னல் சார் இது?"

"பரேடு மைதானம் சார்."

"எதிரியே இல்லாத ஊர்ல பரேடு எதுக்கு?"

"எதிரி வந்தப்புறமா இடம் தேடிக்கிட்டு இருக்க முடியும்?"

"கல்லுக்கு வெள்ளையடிச்சா இடம் உங்களுதாயிடுமா? நாய்கூட இதைவிட நாசூக்கா எல்லை வைக்கும் சார்."

"நாய்க்கு பட்ஜெட் கிடையாது சார்."

ஜரீனா சோர்ந்துபோய்க் குறுக்கே வந்தார். "நீங்க ரெண்டு பேரும் அப்புறமா சண்டை போடுங்க சார். ஒரு கல்லுக்குச் சுண்ணாம்பு கரைக்கிற தண்ணில நான் ஒரு தட்டு நாத்தைக் காப்பாத்திடுவேன்."

"பாத்தீங்களா, தண்ணிய வேற வீணாக்குறாங்க!" என்றார் கலெக்டர்.

விவகாரம் பூமிக்குப் போனது. அங்கே சிவில் துறையும் ராணுவத் துறையும் கூடிப் பேச ஒரே அறைதான் இருந்தது. அந்த அறை யாருக்குச் சொந்தம் என்பதில் நான்கு நாள் கழிந்தது. பிறகு ஒருவழியாகத் தீர்ப்பு வந்தது: நிலம் சிவில் நிர்வாகத்துக்கே.

வீரர்கள் கற்களை உருட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களுக்கும் அலுத்திருந்தது. ஒருவன் போகும்போது ஜரீனாவிடம், "தக்காளி காய்ச்சா சொல்லுங்கக்கா" என்றான்.

பாதி நாற்றுகள் தலை சாய்ந்திருந்தன. மீதியை ரோபோவின் மீது ஏற்றிக்கொண்டு ஜரீனா அவசரமாக வந்தார். வாசலிலேயே ரோபோ நின்றுவிட்டது.

உள்ளே கலெக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி, கையில் பிரஷ், எதிரே வரிசையாகப் புதுக் கற்கள்.

"சார்?"

"ரெண்டே நாள் பொறுங்கம்மா. இடம் நம்மளுதுன்னு தெரியணும்ல? சும்மா விட்டா அவங்க திரும்ப வந்துடுவாங்க."

"இடம் நம்மளுதுதானே சார்? செடி நட்டாலே தெரிஞ்சிடுமே!"

"செடி சின்னதா இருக்கும்மா. தூரத்துல இருந்து தெரியாது."

ஜரீனா வாளியை எட்டிப் பார்த்தார். "இது எந்தத் தண்ணி சார்?"

நாற்றங்காலின் தண்ணீர்த் தொட்டி காலியாகிவிட்டது என்று ரோபோ பணிவான குரலில் அறிவித்தது. ஜரீனா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூடாரத்துக்கு வெளியே, கண்ணாடித் தோலில் தலைக்கவசம் முட்டும்படி நின்று கர்னல் ஆரோக்கியராஜ் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய குரல் கூடாரத்தின் ஒலிபெருக்கியில் கரகரத்தது.

"சார், மூணாவது கல்லு. இடது பக்கம் கொஞ்சம் விட்டுப்போச்சு."

கலெக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிரஷை வாளியில் நனைத்து, மூன்றாவது கல்லின் இடது பக்கம் இன்னொரு பூச்சு பூசினார்.