இருட்டறை அம்மாவுக்கு ஐந்து நட்சத்திரம்

சகல ஜனங்களுக்கும், குறிப்பாகக் கண் மங்கியவர்களுக்கும், பெருமகிழ்ச்சியுடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: இணைய மதிப்பீட்டில் இரண்டு புள்ளி ஒன்றில் படுத்துக் கிடந்த மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று, ஒரே வாரத்தில் மூன்று புள்ளி ஏழுக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டது. வரலாறு இதைப் பொன்னெழுத்தில் பொறிக்கும். பொறிக்க ஆள் பிடித்துக் கொடுத்தவன் கடைக்காரரின் மச்சான்.

படுக்க வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்தபோது பதினேழு பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். ஒருவர்கூடக் கடைப்படி ஏறியவரில்லை. லிப்ட் வேலை செய்யவில்லை என்று ஒருவர் மனம் நொந்திருந்தார். கடைக்கு மாடியே கிடையாது. பொய் விமர்சனம் என்று கடைக்காரர் அந்த இணையதளத்துக்குப் புகார் அனுப்பினார். 'ஆழ்ந்து பரிசீலித்தோம், விதிமீறல் இல்லை' என்று நான்கு நொடியில் பதில் வந்தது. அதற்கப்புறம் இரண்டு மாதம் கதவைத் திறந்ததெல்லாம் தபால்காரரும் காற்றும்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் நின்றே பழகிய புருஷன் பெண்டாட்டி இருவருக்கும், அதை மூடினால் போய் நிற்க வேறு இடமில்லை.

"மாமா, முள்ள முள்ளாலதான் எடுக்கணும்," என்றான் மச்சான். "முப்பது பேரு, முப்பதும் அஞ்சு நட்சத்திரம். ஆளு இருக்கு, நான் பாத்துக்கறேன். நீங்க ஒவ்வொண்ணுக்கும் கீழ நன்றி சொல்லிப் பதில் மட்டும் போடுங்க. அப்பத்தான் நெஜம் மாதிரி இருக்கும்."

கவுண்டருக்குப் பின்னாலிருந்து மனைவி தலையை நீட்டினாள். "டேய், நீ பரிட்சைல காப்பியடிச்சே ஒழுங்கா பாசாகாதவன். ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

"மொதல்ல நீ வர்றவங்ககிட்ட, இந்த பிரேம்ல ஆந்த மாதிரி இருக்கீங்கன்னு சொல்றத நிறுத்துக்கா."

"ஆந்த மாதிரி இருந்தா மயில்னா சொல்லுவாங்க?"

முப்பதும் வந்து இறங்கின. படத்துக்குப் பதில் சாம்பல் நிற வட்டங்கள். முப்பதும் ஒரே ஆளைத்தான் புகழ்ந்தன. 'இருட்டறையில் கண் பார்க்கும் அம்மா பொறுமையின் வடிவம்.' 'அந்த அம்மா தொட்டதே தெரியவில்லை, அவ்வளவு மென்மையான கை.' இருட்டறையில் கண் பார்ப்பவர் கடைக்காரர். அவருக்கு மீசை உண்டு.

"யாருங்க அது? எனக்குத் தெரியாம உள்ள குடி வெச்சிருக்கீங்களா?" என்று மனைவி சிரித்தாள்.

"வேற ஏதோ கடைக்கு எழுதினத அப்படியே ஒட்டிட்டான் போல," என்றான் மச்சான். "நீங்க நட்சத்திரத்த மட்டும் எண்ணுங்க மாமா."

கடைக்காரர் ஒரு பதிலைத் தட்டினார். 'மிக்க நன்றி. தங்கள் கருத்தை அம்மாவிடம் தெரிவித்துவிட்டோம்.' மீதி இருபத்தொன்பதுக்கும் அதையே ஒட்டினார். வெட்கமாக இருக்குமென்று எதிர்பார்த்தார். ஒன்றும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிற மாதிரி இருந்தது.

இருட்டறை என்பது கடையின் பின்பக்கம் கறுப்புத் திரை போட்டு மறைத்த எட்டடி இடம். ஜன்னல் இல்லாததால் வெளியே வெயில் கொளுத்தும் மதியத்திலும் அங்கே ஒரு பழைய இரவு தேங்கி நிற்கும், எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகையின் விளக்கு கொசுவைப் போல ரீங்கரிக்கும், சூடான பல்பின் மேல் வேகும் தூசியும் ஸ்பிரிட்டும் கலந்த வாடை நாக்கின் அடியில் போய் உட்காரும். முதலில் வந்தவர் எதிர்க்கடைத் தையல்காரர், பதினைந்து வருஷப் பழக்கம். அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கடைக்காரர் போன் பேச வாசலுக்குப் போனார். திரும்பியபோது தையல்காரர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். கையில் பவர் எழுதிய சீட்டு.

"எவ்ளோ பொறுமைங்க அந்த அம்மாவுக்கு! சொல்லவே இல்லயே நீங்க?"

சீட்டு கடையினுடையது. கையெழுத்து அவருடையதல்ல. அப்புறம் சரிபார்த்தபோது எண்கள் மயிரிழை பிசகாமல் சரியாக இருந்தன. உள்ளே யாருமில்லை. அவர் எப்போதும் கன்னாபின்னாவென்று போட்டுவைக்கும் லென்ஸ் பெட்டியில் லென்ஸ்கள் எல்லாம் பிடியை ஒரே பக்கம் வைத்து, பள்ளிப் பிள்ளைகளைப் போல வரிசையில் நின்றன.

அந்த முப்பதையும் நீக்கிவிடலாமென்று போனை எடுத்தார். நீக்கக் காரணம் கேட்டது. ஆள் வைத்து எழுதிய பொய் என்று சொல்லவேண்டும். சொன்னால் கடையின் பக்கமே அழிக்கப்படும் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. பெஞ்சில் நான்கு பேர் காத்திருந்தார்கள். மனசாட்சி ஏதாவது சொல்லுமா என்று சற்று நேரம் பார்த்தார். அது டீ குடிக்கப் போயிருந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் திரைக்குள் போவதை நிறுத்திவிட்டார். ஆட்களை அனுப்புவார். சீட்டோடு வருவார்கள்.

"நீங்க இங்க நிக்கறீங்க. உள்ள யாரு பாக்கறா?" மனைவி இப்போது சிரிக்கவில்லை.

"கூட்டம் வருதில்ல?"

"நான் அதக் கேக்கல."

அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் புது விமர்சனம் ஒன்று வந்தது. சாம்பல் வட்டமில்லை. தையல்காரரின் முகம், தையல்காரரின் பெயர். 'அம்மா தெய்வம். கவுண்டரில் இருக்கும் பெண்மணிக்குத்தான் வாய் அதிகம். அவர் எதற்கு?' அதை ஆமோதித்து நாற்பது பேர். அத்தனையும் அவர் கண்ணாடி மாட்டி அனுப்பிய முகங்கள். கட்டைவிரல் பழகிய வேலையைச் செய்தது. ஒட்டியது. அனுப்பியது. 'மிக்க நன்றி. தங்கள் கருத்தை அம்மாவிடம் தெரிவித்துவிட்டோம்.'

அனுப்பிய பிறகுதான் படித்தார்.

திரைக்குப் பின்னால் ஸ்டூல் நகர்ந்தது.

"நானே பாக்கறேன் யாருன்னு," என்று மனைவி கவுண்டரை விட்டு எழுந்தாள். போகாதே என்று சொல்லியிருக்கலாம். பெஞ்சிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை அவளை வாங்கிக்கொண்டு மூடியது.

"யாருடி நீ?"

நாற்காலி கிரீச்சிட்டது. அப்புறம் ஒரு குரல். மெத்தென்று. பொறுமையாக.

"இது தெளிவா இருக்கா... இல்ல, இதுவா?"

"கைய எடு!"

கிளிக். பரிசோதனைக் கண்ணாடியின் சட்டத்தில் லென்ஸ் விழும் சத்தம்.

"இதுவா?"

"ஏங்க! இங்க வாங்க!"

திரையைப் பிடித்தார். துணி ஈரமாக, குளிர்ந்து இருந்தது.

"கொஞ்சம் பொறுங்களேன்," என்றது பெஞ்சு. நான்கு வாய், ஒரே குரல். "அம்மா பாத்துக்கிட்டிருக்காங்கல்ல."

கிளிக்.

"இதுவா?"

"தெரியல."

அவள் குரல்தான். காரம் இல்லை.

கிளிக். கிளிக்.

"...ஏங்க."

அவர் நின்றார். கை திரையில். கால் தரையில். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

கிளிக்.

ரீங்காரம் நின்றது.

திரையை விலக்கினார். நாற்காலியில் மனைவி. நிமிர்ந்து, மடியில் கை கோத்து. மூக்கின் மேல் பரிசோதனைச் சட்டம். ஒவ்வொரு கண்ணுக்கும் முன்னால் ஏழெட்டு லென்ஸ், ஒன்றின் மேல் ஒன்று. எல்லாம் மைனஸ், கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும் வகை. கண்ணாடிக் கிணற்றின் அடியில், வெகு தூரத்தில், கடுகளவில் இரண்டு கண்கள். அவை மட்டும் அவரைத் தேடி அலைந்தன. கீழே உதடுகள் புன்னகைத்தன. நாற்காலிக்குப் பின்னாலிருந்த இருட்டிலிருந்து இரண்டு மென்மையான கைகள் நீண்டு, விரல்நுனியில் இன்னொரு லென்ஸைப் பிடித்து, சட்டத்தில் இறக்கின.

கண்கள் இன்னும் சிறிதாயின.

"இதுவா?"

அன்று ஆறு கண்ணாடி விற்றது.