மாஸ்க் போட்டவன்

சிம்பன்சிக் கூடுகளை விட்டு வெகுதூரம் இறங்கிய பிறகும் கபாங்கோ மாஸ்க்கைக் கழற்றவில்லை. பிலாலிக்கு அது உறுத்தியது. ஆனால் விடிந்ததிலிருந்து பயணிகளை மஹாலே மலையில் ஏற்றி இறக்கிய கால்களோடு எதையும் யோசிக்க அலுப்பாக இருந்தது.

நம் சளி சிம்பன்சிக்கு எமன். அதன் பக்கம் போனால் மாஸ்க் போட வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. விலகி வந்ததும் முதல் வேலை அதைக் கழற்றி நாலு மூச்சு இழுப்பதுதான். இருமல் உள்ளவன் காட்டுக்கே வரக் கூடாது. வேலை போய்விடுமே என்று இருமலை மறைத்துக்கொண்டு, காலையில் தனியாக மேலே போனான் மைத்துனன் கபாங்கோ. "என் தம்பி இல்லாம வாசப்படி மிதிக்காதீங்க" என்று மனைவி சௌதா சொல்லி அனுப்பியிருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது, ஒரே கூடப்பிறப்பு.

சிம்பன்சிகள் கிளைகளை மடக்கிப் படுக்கை கட்டும் நேரத்தில்தான் பிலாலி அவனைக் கண்டான். அத்திமரத்தடி இருட்டில், குந்தியபடி, வெள்ளை மாஸ்க்கோடு. அந்தக் காட்டில் மாஸ்க் போட்டிருந்தால் மனிதன். அதற்கு மேல் யார் பார்க்கிறார்கள்? பிலாலி கையசைத்தான். அவன் எழுந்து பின்னால் வந்தான்.

முன்னால் போகிறவன் கொடி வெட்டி வழி எடுக்க வேண்டும், திரும்பிப் பார்க்கத் தோதில்லை. கீழே ஏரி மெல்ல அலையடித்தது. கருவாட்டுக்குக் காயும் டகா மீனின் வாடை மேலே ஏறிவர, அதை மீறி, முதுகுக்குப் பின்னாலிருந்து அழுகிய பழமும் நனைந்த மயிரும் கலந்த ஒரு நெடி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. கூடவே இருமல். இரண்டு குட்டை, ஒரு நீளம். கபாங்கோவின் இருமலேதான்.

"நாளைக்கு லீவு சொல்லிடு மாப்ள. ஆபீஸ் பெரியவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"ம்."

ஓடையைக் கடக்கக் கை நீட்டினான். பற்றிய கை சில்லென்று, காய்ப்புக் காய்த்து இருந்தது. பாவம், காய்ச்சல் விட்டிருக்கும் என்று நினைத்தான். விரல்கள் அவன் மணிக்கட்டையும் தாண்டிச் சுற்றின. விடுவித்துக்கொண்டு வேகமாக நடந்தான். பின்னால் செருப்புச் சத்தம் இல்லை.

சௌதா விளக்கோடு வாசலில் நின்றாள். பிலாலி முந்திக்கொண்டான்.

"கூட்டிட்டு வந்துட்டேன், போதுமா?"

"யாரை? அவன் மத்தியானமே படகுல வந்துட்டானே."

உள்ளே, பாயில், போர்வைக்குள் கபாங்கோ. வெறும் முகம்.

"ஒண்ணு என் மாஸ்க்க பிடுங்கிக்கிச்சு மச்சான்" என்றான். "பிடுங்கி, மூஞ்சில மாட்டிக்கிட்டு, என்னையே பாத்துச்சு. அதான் ஏரிப்பக்கம் ஓடிட்டேன்."

இருமினான். இரண்டு குட்டை. ஒரு நீளம்.

பிலாலி திரும்பவில்லை.

சௌதா அவன் தோளைத் தாண்டிப் பார்த்தாள். தலைத்துணியை இழுத்தாள். மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள்.

வாசலில் இருமல். இரண்டு குட்டை. ஒரு நீளம்.

உள்ளே இருமல் நின்றிருந்தது.

"மச்சான்." கபாங்கோவின் குரல். வாசலிலிருந்து. "நான் உள்ள வரட்டுமா?"

பாயில் கிடந்தவன் அவர்களைப் பார்த்தான். வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைக்கப் பேச முயன்றான்.

"ம்" என்றான். "ம். ம்."