ஏரிக்கரை வீட்டைப் பூட்டியது யார்?

"என் பையனை என் மருமகள் ரெண்டாவது தடவை சாகடிச்சுட்டா" என்று சொல்லிக்கொண்டேதான் அந்தப் பெரியவர் உள்ளே வந்தார்.

எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒரு கிராம் குறைந்தாலும் கடையையே மூட வைத்தவர் என்பதால் ஊரில் அவருக்குத் தராசு என்றே பெயர்.

காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைக் கண்டுபிடித்துப் பழகி, இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் அக்கா, நாற்காலியைக் காட்டினாள். பகலில் பிரிண்டர் மை விற்று, மாலையில் அவளுக்குத் துணைவரும் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

விஷயம் இதுதான். தராசின் ஒரே மகன் நோயில் படுத்தபடியே ஒரு கணினி விளையாட்டுக்குள் வீடு கட்டியிருந்தான். ஏரிக்கரை, மரங்கள், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு பெஞ்சு. பெஞ்சின் மேல் 'அப்பாவுக்கு' என்று பலகை. மகன் போன பிறகு தராசு தினமும் காலையில் அங்கேதான் போய் உட்காருவார்.

"விளையாட்டை அவன் காசு கொடுத்துத்தான் வாங்கினான். அப்புறம் கம்பெனிக்காரன், விளையாட்டுக்கு வாசல் மாதிரி லாஞ்சர்னு ஒண்ணைத் திணிச்சான். அதுல அக்கவுண்ட் இருந்தாத்தான் உள்ள விடுவானாம். அடிக்கடி ஓடிபி மாதிரி ஒரு கோடு கேக்கும். அது பையனோட போனுக்கு வரும். போன் மருமகள்கிட்ட இருக்கு."

"நாம வாங்கின வீட்டுக்குள்ள போக, வாட்ச்மேன்கிட்ட தினமும் பேர் சொல்ற கதைதான் சார்" என்றான் தம்பி. நாற்பதைத் தாண்டியும் விளையாட்டை விடாதவன் அவன். அதைத் தண்டச்சோற்று வேலை என்பாள் அக்கா. இன்று அந்தத் தண்டச்சோறு உதவப் போகிறது என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

"ஒருநாள் அவ வேலைக்குப் போயிருந்தா. அவளைக் கூப்பிட்டுக் கோடு கேட்டு வாங்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சுபோச்சு. கஸ்டமர் கேர்ல சாட் பண்ணினேன். மரியாதையானவங்க. நான் விஷயத்தைச் சொன்னதுமே வருத்தம் தெரிவிச்சாங்க. பாக்கறோம்னாங்க. மறுநாள் திறந்தா, அக்கவுண்ட் மூடப்பட்டதுன்னு வருது. 'போதும் மாமா, எந்நேரமும் அதையே பாக்காதீங்க'ன்னு அவ முன்னாடியே சொல்லிக்கிட்டிருந்தா. அன்னைக்கே வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டேன். எனக்கு ஆதாரம் வேணும்."

தண்டனை முதலில், ஆதாரம் பிறகு. தம்பிக்கு அது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் படியிறங்கும்போது, "மருமகள்தான், அக்கா. போன் அவ கையில இருக்கே" என்றான்.

மருமகள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் இரண்டு போன்கள். முகம் விரிசல் விட்ட பழைய போனில் சார்ஜ் முழுசாக இருந்தது.

"நான்தான் மூடினேன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க. அத்தோட முடியட்டும்" என்றாள்.

"எங்க போய் மூடினே?" என்றாள் அக்கா.

"ஏதோ ஒரு பட்டன். ஞாபகம் இல்ல."

"ஒத்துக்கிட்டா, அக்கா" என்று குதித்தான் தம்பி, வெளியே வந்ததும்.

"அதே லாஞ்சர்ல உன் அக்கவுண்ட் ஒண்ணை மூடிக் காட்டு."

அவன் தன் மடிக்கணினியைத் திறந்து ஒரு கணக்கை மூடிக் காட்டினான். திரையில் உடனே ஒரு பட்டன் எழுந்தது: 'மனம் மாறினால், ஒரு மாதத்துக்குள் மீட்கலாம்.' அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் அக்கா.

மறுநாள் தராசின் வீட்டில், மகனின் கணினி முன்னால், மருமகளையும் வரவழைத்திருந்தாள். தராசு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். லாஞ்சர் திறந்திருந்தது. 'இந்தக் கணக்கு மூடப்பட்டது' என்ற ஒற்றை வரியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பாருங்க சார். கணக்குக்காரங்க மூடினா, மீட்கறதுக்கு ஒரு பட்டன் வரும். இங்க இல்ல. அதனால இதை வீட்டுல யாரும் மூடல. கம்பெனியே மூடியிருக்கு."

"கம்பெனி எதுக்கு மூடணும்?"

தம்பிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "ஒரு அக்கவுண்ட் ஒரே ஆளுக்குத்தான் சார். பிள்ளைக்கும் கிடையாது, அப்பனுக்கும் கிடையாது. ஆள் போயிட்டா மூடிடுவாங்க. விதியிலேயே இருக்கு. யார் படிக்கறா?"

"ஆள் போனது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?" என்றாள் அக்கா. "வருத்தம் தெரிவிச்சாங்கன்னு சொன்னீங்க. கோடு வராததுக்கா?"



"சாட்ல பேர் கேட்டாங்க. அவன் பேர்ல நான் எப்படிப் பேசறது? அது பொய்யில்லையா? இது என் பையனோடது, அவன் இறந்துட்டான்னு சொன்னேன்." தராசு அந்த ஒற்றை வரியைப் பார்த்தபடியே சொன்னார். "உண்மையைத்தானே சொன்னேன்."

அக்கா மருமகளிடம் திரும்பினாள். "கணக்கை மூடின செய்தி பழைய போனுக்கு வந்திருக்கும். உனக்கு அன்னைக்கே தெரியும், இல்லையாம்மா?"

மருமகள் தலையசைத்தாள். "என்னைத் திட்டினா மாமாவுக்கு ரெண்டு வாய் சோறு இறங்கும். தன்னைத்தானே திட்டிக்கிட்டா இறங்காது. அதான் சும்மா இருந்தேன்."

தம்பிக்கு வெட்கமாக இருந்தது. கண்ணாடிக் கடை வாசலில் குதித்ததை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தராசு திரும்பினார். "தப்புதாம்மா. வீட்டுக்கு வந்துடு."

"கம்பெனி மூடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கல, மாமா. நீங்களும் என்கிட்ட கேக்கல." அவள் பழைய போனை மேசைமேல் வைத்தாள். "கோடு வருமேன்னுதான் தினமும் சார்ஜ் போட்டேன். இனி வராது."

அவள் படியிறங்கிப் போனாள். தராசு போனைக் கையில் எடுத்து விரலால் தொட்டார். திரை ரகசிய எண் கேட்டது. அவர் தம்பியைப் பார்த்தார்.

"இதுல அவன் குரல் ஏதாவது இருக்கும், இல்ல? திறக்க முடியுமா?"

"உங்க மருமகளுக்குத்தான் சார் தெரியும்" என்றான் தம்பி.

"போய்க் கேளுங்க. இந்தத் தடவையாவது கேளுங்க" என்றாள் அக்கா.

அவர் எழுந்து செருப்பைத் தேடினார். ஒன்று அகப்பட்டது. இன்னொன்றைக் கட்டிலுக்கடியில் துழாவிக்கொண்டிருந்தபோது, கீழே தெருக் கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது.