என்னை விருந்தாளியாக்காதீங்க

சளக்!

எம்லினின் வேன் வளைவில் திரும்பிய வேகத்தில், பள்ளத்து மழைநீர் அத்தனையும் ஓரமாக நடந்துபோன எலெரி மேல்தான் விழுந்தது.

பதறிப்போய் இறங்கினான். அவள் திட்ட ஆரம்பித்தாள். வெல்ஷ் மொழியில்... மூச்சு விடாமல்... அருவி கொட்டுகிற மாதிரி! எம்லினும் வேல்ஸ்காரன்தான் என்றாலும் நியூபோர்ட் நகரத்தில் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவன். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் அந்தக் கண்கள்! நனைந்த இமைகளுக்குள் அப்படியொரு வெளிச்சம். திட்டு வாங்குகிறோம் என்பதையே மறந்து நின்றான்.

அவன் திருதிருவென்று விழிப்பதைப் பார்த்ததும் அவள் சட்டென்று ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"மன்னிச்சிருங்க... மெதுவா ஓட்டுங்கன்னு சொன்னேன்."

"அவ்வளவு நேரமும் அதையேவா சொன்னீங்க?"

"அதையேதான்... கொஞ்சம் விலாவாரியா."

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், பையன் விழுந்துவிட்டான்.

மின்கம்பி பழுது பார்க்க பாலா என்ற ஏரிப் பக்கம் வந்தவனுக்கு, அதன்பின் அங்கே பழுது தீரவே இல்லை. எலெரியும் அவன் வேன் சத்தத்துக்குக் காத்திருக்கப் பழகிவிட்டாள். நிறையப் பேசினாள், இனிமையாகப் பேசினாள்... எல்லாம் ஆங்கிலத்தில். அந்த வெல்ஷ் அருவியை மட்டும் அவன் மறுபடி கேட்கவே இல்லை.

எங்கள் ஏரிப் பக்கத்து ஆட்களுக்கு மரியாதை என்று ஒரு வியாதி உண்டு. வெல்ஷில் கும்மாளம் போடுகிற கூட்டத்துக்குள் மொழி தெரியாதவர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், கூட்டமே ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

எம்லினை வீட்டுக்கு அழைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்தில் அதுதான் நடந்தது. எலெரியின் வீட்டு வாசலில் அவன் நின்றபோது உள்ளே ஒரே சிரிப்பு. எம்லின் கதவைத் திறந்தான். சிரிப்பு நின்றது. "வாங்க வாங்க, மழை எப்படி?" என்றார்கள் ஆங்கிலத்தில். பாதியில் விட்ட வேடிக்கையை அண்ணன் யோலோ ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தான். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆட்டுக்கறி ஆறிக்கொண்டிருந்தது.

அப்பா குவிலிம் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"உன்மேல ஒரு குறையும் இல்ல தம்பி. ஆனா நீ இந்த வீட்டு மாப்பிள்ளையா வந்தா, வாராவாரம் இந்த மேசை இப்படித்தான் இருக்கும். அப்புறம் பேரப்பிள்ளைங்களும் ஆங்கிலத்துலயே... என் வீட்டுல என் பேச்சு செத்துப்போயிரும். எனக்கு பயமா இருக்கு."

"அப்பா!" என்றாள் எலெரி. கண்கள் நிறைந்துவிட்டன.

எம்லினுக்குச் சுருக்கென்றது. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து கோட்டை எடுத்தான். வாசல்வரை போனவன் நின்றான். 'இப்போ போனா, இவளையும் விட்டுட்டுப் போற மாதிரிதான்...'

திரும்பினான்.

"நான் உங்களை ஆங்கிலத்துக்கு மாறச் சொன்னேனா?"

"விருந்தாளி முன்னாடி அவருக்குப் புரியாத மொழியில பேசுறது மரியாதை இல்லையேப்பா" என்றாள் அம்மா மென்னா.

"அப்போ என்னை விருந்தாளியாக்காதீங்க. புரியலைன்னா புரியாமலே உக்காந்திருக்கேன். நீங்க உங்க பேச்சுல பேசுங்க... தயவுசெஞ்சு."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா கூச்சத்தோடு ஏதோ வெல்ஷில் ஆரம்பித்து, பழக்கதோஷத்தில் ஆங்கிலத்துக்கு வழுக்கி, நாக்கைக் கடித்துக்கொண்டாள். யோலோ வெல்ஷில் எடுத்துக்கொடுத்தான். அப்பா ஏதோ மறுத்தார். எலெரி குறுக்கே பாய்ந்தாள்... மேசையில் பேச்சு பற்றிக்கொண்டது!

எம்லின் கோட்டும் கையுமாக நின்றான். இத்தனை நாள் தன்னோடு மென்மையாகப் பேசியவளா இவள்? கையை வீசுகிறாள், அண்ணனை வாருகிறாள், அப்பாவை மடக்குகிறாள், தலையைப் பின்னுக்குச் சாய்த்து முழுசாகச் சிரிக்கிறாள். 'இவளை எனக்கு இதுவரைக்கும் பாதிதான் தெரிஞ்சிருக்கு...'

"என்ன மாப்ள, நின்னுக்கிட்டே தூக்கமா?" என்றான் யோலோ.

"இல்ல... இதை இன்னும் கேக்கணும். காலம்பூரா."

எலெரி எழுந்து வந்தாள். அவன் முன்னால் நின்றாள்.

"ஆங்கிலத்துல இதைச் சொல்றது எனக்கு ரொம்ப சுலபம், எம்லின். எங்க பேச்சுல இன்னும் யாருக்கும் சொன்னதில்ல."

பிறகு சொன்னாள். வெல்ஷில்... மெதுவாக... எல்லோர் முன்னாலும்.

எம்லின் குவிலிமைப் பார்த்தான்.

"என்ன சொன்னா?"

"நான் சொல்ல மாட்டேன்." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டார். "கத்துக்கிட்டு நீயே தெரிஞ்சுக்கோ. வா, உக்காரு."

எம்லின் உட்காரவில்லை. எலெரியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தெரிஞ்சிருச்சு" என்றான். "எனக்கும் அதேதான், எலெரி."