முந்தி எழுதிய முள்

"பென்சிலை எடுத்துட்டுப் போறதோட சரி, திரும்பக் கொண்டுவர்ற பழக்கமே கிடையாது. இது மூணாவது. இன்னைக்குக் கையோட வரலைன்னா உன் மதியச் சாப்பாடும் எனக்குத்தான்" என்றாள் தங்கை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"ஒரு பென்சிலுக்கு அண்ணனைப் பட்டினி போடுவியா அணிலு?"

"தாராளமா."

அவன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு படியிறங்கினான். மணி பதினொன்றாக இரண்டு நிமிடம் இருந்தது.

நிலநடுக்கம் வருமுன் அதன் அறிகுறி ஏதாவது தென்படுமா என்று தேடுகிற நிலையம் அது. அன்று அவர்கள் இருவர் மட்டும்தான் இருந்தார்கள். எல்லோரும் டாக்டர் என்றழைக்கும் தலைமை விஞ்ஞானி ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். மேலே அலுவலகத்தில் அளவுகளைப் பதிவது தங்கையின் வேலை. கீழே கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. குன்றின் பாறையைக் குடைந்து, நாற்பத்திரண்டு படி ஆழத்தில் ஓர் அறை. அதன் நடுவில் பாறையோடு இறுக்கிய கருவி. மெல்லச் சுழலும் உருளையில் சுற்றிய தாளின்மேல் மை தொட்ட முள் ஒன்று இரவும் பகலும் கோடிழுத்துக்கொண்டிருக்கும். பூமி ஒரு மயிரிழை அசைந்தால் கோடும் அசையும். ஆள் நடந்தாலும் அசையும் என்பதுதான் தொல்லை. அதனால் தாள் மாற்ற இறங்குகிறவர், தன் காலடி விழுந்த இடத்தில் பெயரின் முதலெழுத்தையும் நேரத்தையும் பென்சிலால் குறித்துவிட்டு வரவேண்டும். இல்லாவிட்டால் டாக்டர் ஒரு மனுஷனின் நடையைப் பூமியின் நடையாக எண்ணி ராத்திரியெல்லாம் ஆராய்ந்துகொண்டிருப்பார். போகப்போக யார் நடை எது என்பது பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிடும். டாக்டர் காலை இழுப்பார். தங்கை படிகளை இரண்டிரண்டாகத் தாவி, முடிவில் இரு காலையும் சேர்த்துத் தரையில் குதிப்பாள்.

கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அணைந்தது. எந்திர எண்ணெய், ஈரப் பாறை, மை ஆகிய மூன்றும் கலந்து, பல வருடம் திறக்காத அலமாரியைப் போன்றதொரு வாசனை; உருளையைச் சுற்றும் மோட்டாரின் மெல்லிய ரீங்காரம்; அதையும் தாண்டிக் காதுக்குள் தன் இரத்தமே ஓடுகிற ஓசை. அவன் பென்சிலை எடுத்துக் குனிந்தான்.

அவனுடைய காலடிகள் தாளில் இருந்தன. நாற்பத்திரண்டு படி, ஒரு நிறுத்தம், கதவு, உள்ளே ஐந்து காலடி. ஆனால் அவை இருந்த இடம் சரியில்லை. தாளின் நிமிடக் குறியில் அவன் உள்ளே வந்தது பத்து நாற்பத்தொன்பது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. கைக்கடிகாரத்திலும் பதினொன்று. முள் இப்போது நேர்கோடாக, சலனமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

வேறு யாரோ வந்துபோயிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் ஒரு காலடி கனமாகவும் மறு காலடி லேசாகவும் விழுந்திருந்தது. இடது குதிகால் ஒருமுறை உடைந்த பிறகு வந்த அவனுடைய நடை அது.

தரையை ஓங்கி ஒரு மிதி மிதித்தான். முள் அசையவில்லை. கருவி கெட்டுவிட்டது என்று கொஞ்சம் நிம்மதிகூட வந்தது. பிறகு தாளைப் பின்னோக்கிப் பார்த்தான். பத்து ஐம்பத்தொன்றில் பருமனாக ஒரு கீறல் நின்றது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு கீறல்கள். மனமே இல்லாமல், ஆனால் நிறுத்தவும் முடியாமல், அவன் கால் இன்னும் இரண்டு முறை மிதித்தது.

மூன்று மிதியும் காய்ந்த மையில் இருந்தன. பதினோரு நிமிடம் முன்பே.

அவன் அப்படியே நின்றான். பதினொன்று ஐந்துக்கு முள் மெல்ல நடுங்கியது. சின்னச் சின்னக் கீறல்கள், சீரான இடைவெளியில். எண்ணினான். இருபத்தொன்று. கடைசியில் பெரிதாக ஒன்று, குதித்ததைப் போல. அதன்பின் கதவைப் பிடித்து இழுக்கும்போது விழுகிற மாதிரி ஒழுங்கில்லாத கிறுக்கல்கள். பிறகு முள் ஒருமுறை சிலிர்த்தது. அடுத்த நொடி இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் பாய்ந்து, மையைத் தெறிக்கவிட்டு, தாளையே கிழிக்கப் பார்த்தது. அவன் காலடியில் பாறை அமைதியாக இருந்தது. முள் மட்டும் துள்ளியது.

பதினொன்று ஏழு. அவன் தொலைபேசியை எடுத்தான்.

"அணிலு, உடனே வெளிய போ. கட்டடத்துக்குள்ள நிக்காதே. வெட்டவெளிக்கு ஓடு."

"என்ன அண்ணா, விளையாடுறியா?"

"பெருசா வரப்போகுது. பதினொன்னு பதினெட்டுக்கு."

எதிர்முனையில் சிரிப்பு. "நிமிஷம் வரைக்கும் சொல்ற! மூணு வருஷத்துக்கு முன்னாடி டாக்டரே கிணத்துத் தண்ணி ஏறுது, பாறையில வாயு கசியுதுன்னு சொல்லி ஊரையே மூணு நாள் மழையில மைதானத்துல உக்கார வெச்சார். வந்ததா? இப்பவும் என்னைக் கடையில பாத்தா, 'எப்பம்மா அடுத்த நடுக்கம், குடையோட வரட்டுமா'ன்னு கேக்குறாங்க."

"சொன்னா கேளு. கீழ மட்டும் வராதே. என்ன ஆனாலும் வராதே."

சிரிப்பு நின்றது. "உன் குரல் ஏன் இப்படி இருக்கு? மூச்சு வாங்குதா? போன வருஷம் சுண்ணாம்பு அடிக்க வந்தவரும் காத்து கெட்டு இப்படித்தான் உளறினார். உக்காரு. அசையாதே. நான் பின்னாடி கொட்டகையில இருந்து ஆக்சிஜன் எடுத்துட்டு வரேன்."

"வராதேன்னு…"

வைத்துவிட்டாள்.

அவன் கதவுக்கு ஓடினான். ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற கதவு. திறக்கவில்லை. நிலைச்சட்டம் அதைக் கவ்வியிருந்தது. பாறை எங்கோ, யாருக்கும் தெரியாமல், ஒரு நூலளவு நெருங்கியிருந்தது. தோளால் மோதினான். மறுபடி தொலைபேசி. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. தான் பேசியிராவிட்டால் அவள் நாற்காலியை விட்டு எழுந்தே இருக்கமாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது.

பதினொன்று பதினாறு.

காலடிகள். பாறை வழியாக, இரண்டிரண்டாக. அவன் எண்ண விரும்பவில்லை. எண்ணினான். இருபத்தொன்று. தொப்பென்று ஒரு குதி. கதவு இழுபட்டது. "போ! மேல போ!" என்று கத்தினான். ரப்பர் வைத்து இறுக்கிய அந்தக் கதவு அவன் குரலை வெளியே விடவில்லை. அவள் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு வந்தது. முதலில் ஓசை, அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல. அப்புறம் தரை, சுவர், பல், எலும்பு எல்லாம் ஒன்றாக. விளக்கு போயிற்று. கூரை பெயர்ந்து தூசியாகக் கொட்டியது. உருளையை ஓட்டும் மின்கலத்தில் எரியும் சின்ன விளக்கு மட்டும் அதன்மேல் எரிந்தது. கீழே விழுந்து கிடந்தவன் அதைப் பார்த்தான். உலகமே ஆடிக்கொண்டிருந்தது. முள் நேர்கோடு போட்டுக்கொண்டிருந்தது. தன் வேலையை முன்பே முடித்துவிட்டதுபோல.

அடங்கியபின் கதவருகே தவழ்ந்து வந்து ஒருமுறை தட்டினான்.

மறுபக்கம் இரண்டு தட்டு.

அவனுக்கு அழுகை வந்தது. சின்ன வயதில் அடுத்தடுத்த அறையில் படுத்துக்கொண்டு சுவரைத் தட்டுவார்கள். ஒன்று என்றால், இருக்கியா? இரண்டு என்றால், இருக்கேன். படிக்கட்டு இடிந்து மூடியிருக்க வேண்டும். கதவுக்கும் இடிபாட்டுக்கும் இடையில் ஓர் ஆள் ஒடுங்குமளவு இடத்தில் அவள் இருந்தாள். அவன் கேட்டான். அவள் சொன்னாள். மறுபடி கேட்டான். சொன்னாள். மணிக்கணக்கில். நாக்கெல்லாம் மண். தாளில் முள்ளும் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று பதினோரு நிமிடம் முந்தி எழுதிக்கொண்டே போனது. அதைப் பார்க்கப் பார்க்கத் தெம்பாக இருந்தது. இன்னும் பதினோரு நிமிடத்துக்கு அவள் இருக்கிறாள்.

நாலேகால் ஆனபோது முள் ஒரு கீறல் போட்டது.

இரண்டு வரவில்லை.

காத்திருந்தான். நேர்கோடு. இன்னும் நேர்கோடு.

அவன் கேட்பான். அவள் பதில் சொல்லமாட்டாள். நாலு இருபத்தாறுக்கு. அதுவரை தட்டினான், ஒன்றுமே தெரியாதவன்போல, விளையாட்டுத் தாளத்தில்கூட. அவளும் அதே தாளத்தில் திருப்பினாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தாமதித்து. நாலு இருபத்துநாலுக்குக் கடைசி ஜோடி முடிந்தது.

அவன் கைகளை அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டான். கேட்டால்தானே பதில் வராமல் போகும்? கேட்கவே மாட்டான். கணிப்பு பொய்க்கட்டும். ஊர் மறுபடி சிரிக்கட்டும். மூன்று வருடம் முன்பு அவமானமாகத் தோன்றியதை இப்போது பிச்சையாகக் கேட்டான். பொய்யாகிப் போ. பொய்யாகிப் போ.

நாலு இருபத்தைந்து.

மூச்சைக்கூட விடவில்லை.

நாலு இருபத்தாறு.

ஒரு தட்டு.

அந்தப் பக்கத்திலிருந்து.

இருக்கியா?

அவனுக்கு விளங்கிற்று. கையை உருவிக் கதவில் ஓங்கி அடித்தான். இரண்டு. ஓசை எழவில்லை. மறுபடி அடித்தான். கைமுட்டி வலித்தது. தோல் பிய்ந்தது. இரும்பின்மேல் ஈரம் வழிந்தது. ஓசை இல்லை. பஞ்சில் அடிப்பதுபோல. இருட்டில் அடிப்பதுபோல. வாய் திறந்து கத்தினான். அதுவும் எழவில்லை. மோட்டாரின் ரீங்காரம் மட்டும் துல்லியமாகக் கேட்டது. விளக்கின் கீழே முள் ஒரு நடுக்கமும் இல்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அவன் அடித்தான். அடித்தான். அடித்தான்.

விளக்கு மங்கி அணைந்தது.

மூன்றாம் நாள் இடிபாட்டை அகற்றினார்கள். அவள் கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இடது காது கதவோடு ஒட்டியிருந்தது. புருவம் சற்றே நெரிந்திருந்தது, லேசான ஏதோ ஓர் ஓசையைக் கூர்ந்து கேட்பவளைப் போல. கதவை அறுத்துத் திறந்தபோது உள்ளே அவன் உடலும் கிடந்தது; கைகள் அக்குளுக்குள் இறுகியபடியே, முட்டியில் ஒரு கீறல்கூட இல்லாமல்.

அந்தக் கதவின் கனம் நான்கு விரற்கடை.